6க்கு 11 மெஷ், ஆறடிக்கு மேல ஆளு: திரும்பி வந்த க்ராயின் ஹெர்னியா, ஒரு கேஸ்

ஆள் ஆண், வயசு ஐம்பத்தஞ்சை ஒட்டி, ஆறடிக்கு மேல உயரம், இடுப்பெலும்பு நல்லா விரிஞ்ச உடம்பு, வேலை லோடு ஏத்தி இறக்குறது. அடையாளம் தெரியுற விவரம் எல்லாத்தையும் மாத்தியிருக்கேன். நாலு வருஷம் முன்னாடி வேற இடத்துல வலது பக்க இங்குவைனல் ஹெர்னியாவுக்கு (தொடை இடுக்குல குடலோ கொழுப்போ வெளிய தள்ளிக்கிட்டு வர்றது) ஓப்பனா, அதாவது முன்பக்கம் கிழிச்சு, மெஷ்னு சொல்ற வலைத்துண்டை வச்சிருக்காங்க, மூணு வருஷம் ஒரு தொந்தரவும் இல்ல, அப்புறம் இருமினா பழைய தழும்போட உள்முனைக்குக் கொஞ்சம் கீழ, கை வச்சா எலும்பு தட்டுற இடத்தை ஒட்டி ஒரு புடைப்பு வர ஆரம்பிச்சிருக்கு, படுத்தா காணாமப் போயிடும். வலின்னு பெருசா இல்ல, சாயந்திரம் ஆனா இழுக்குற மாதிரி இருக்குன்னார். முதல்ல கேட்டதே "மெஷ் கிழிஞ்சு போச்சா டாக்டர்?"னு தான்.

நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க, ஆனா பாலிப்ரொப்பிலீன் மெஷ் நடுவுல கிழியுறதெல்லாம் ரொம்ப அபூர்வம், மெஷ் வச்ச அப்புறமும் ஹெர்னியா வந்துச்சுன்னா பெரும்பாலும் அது மெஷோட ஓரத்தைச் சுத்திக்கிட்டுதான் வரும், அதுலயும் ஓப்பன் ஆபரேஷனுக்கு அப்புறம்னா ப்யூபிக் ட்யூபர்க்கிள் (கை வச்சா தட்டுற அந்த எலும்பு முடிச்சு) பக்கத்துல, அதாவது உடம்போட நடுக்கோட்டைப் பார்த்த உள்பக்க ஓரத்துல. இவருக்கும் கை வச்சுப் பார்த்தப்பவே இடம் அதுதான்னு தெரிஞ்சுது, நிக்க வச்சு இருமச் சொன்னா விரல் நுனியில நேரா முன்னாடி வந்து இடிக்குது, டீப் ரிங் (விந்துக்கொடி வயித்துச் சுவரைத் தாண்டி வெளிய வர்ற வாசல்) பக்கத்துல இருந்து சாய்வா இறங்கி வரல. அல்ட்ராசவுண்டும் அதையே சொல்லிச்சு, ஃபீமரல் பக்கம், அதாவது தொடைக்குப் போற ரத்தக்குழாயை ஒட்டி, சந்தேகமா எதுவும் இல்லைன்னும் போட்டிருந்தாங்க.

பழைய ஃபைலை அவர் பத்திரமா வச்சிருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியோட பின்பக்கம் மெஷ் பாக்கெட்ல இருந்து உரிச்சு ஒட்டின ஸ்டிக்கர் இருந்துச்சு, பாலிப்ரொப்பிலீன், 6 செமீக்கு 11 செமீ. இந்த கேஸோட பாதி கதை அந்த ஸ்டிக்கர்லயே இருக்கு.

ஏன்னா அன்னைக்கே அவரைப் படுக்க வச்சு டேப் போட்டுப் பார்த்தேன், இடுப்பெலும்போட முன்முனையில இருந்து ப்யூபிக் ட்யூபர்க்கிள் வரைக்கும் 13.5 செமீ. அந்த ரெண்டு முனையையும் இணைக்குற இங்குவைனல் லிகமென்ட் அவ்ளோ நீளம்னா டீப் ரிங் ஏறக்குறைய அதோட நடுவுல, அப்போ ட்யூபர்க்கிள்ல இருந்து டீப் ரிங் ஆறரை ஏழு செமீ தள்ளி இருக்கும். லிக்டென்ஸ்டைன் ரிப்பேர்ல (முன்பக்கமா திறந்து மெஷ் வைக்குற முறை) ட்யூபர்க்கிளைத் தாண்டி உள்பக்கம் ஒரு 2 செமீ மெஷ் ஏறி உட்காரணும், டீப் ரிங்குக்கு வெளிப்பக்கம் 5 செமீ போகணும், கூட்டிப் பாருங்க, 11 செமீ எங்க பத்தும். அதுக்கு மேல, வச்ச மெஷ் அதே அளவுல இருக்காது, சுத்தி வர்ற தழும்புத் திசு சுருங்கும்போது மெஷையும் சேர்த்து இழுக்கும், லிக்டென்ஸ்டைனோட வேலை பார்த்த பர்விஸ் அமிட் இதை ஏறக்குறைய 20 சதவீதம்னு எழுதினார். நீளம் அகலம் ரெண்டுலயும் ஐஞ்சுல ஒரு பங்கு போச்சுன்னா 6க்கு 11 கடைசியில 4.8க்கு 8.8. சின்ன உடம்புக்காரருக்கு அது எப்படியோ ஓடியிருக்கும், இவருக்கு ஓடாது.

எல்லாத்தையும் அந்த மெஷ் தலையிலயே கட்டிட முடியாதுதான். லோடு தூக்குற வேலை, சிகரெட், விடாத இருமல் எல்லாமே இவர்கிட்ட இருந்துச்சு. ஆனா ஓட்டை விழுந்த இடம் எதுன்னு பார்த்தா அளவுதான் முதல் காரணம்னு எனக்குத் தோணுது.

இங்க ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். லிக்டென்ஸ்டைன் 1984ல டென்ஷன் இல்லாத ரிப்பேரை ஆரம்பிச்சு 1989ல பேப்பரா போட்டார், அதுக்கு முன்னாடி 1880கள்ல இத்தாலிய சர்ஜன் பாசினி காலத்துல இருந்து தசையையும் லிகமென்ட்டையும் இழுத்துப் பிடிச்சுத் தைக்குறதுதான் வழக்கம். ஆரம்பத்துல அவங்களும் மெஷைக் குறுகலா, தட்டையா இழுத்துதான் வச்சாங்க, அப்புறம் அவங்களே அகலத்தைக் கூட்டி 7க்கு 15 செமீ ஷீட், அதுவும் கொஞ்சம் தளர்வா, லேசா கூடாரம் மாதிரி மேல எழும்பி நிக்குற மாதிரி வைக்கணும்னு மாத்திக்கிட்டாங்க. காரணம் சிம்பிள், ஆபரேஷன் டேபிள்ல ஆள் மல்லாந்து தளர்ந்து படுத்திருக்கார், வயித்துக்குள்ள அழுத்தம் 8 செமீ தண்ணி அளவுதான், எழுந்து நின்னா 12, இருமி முக்கினா 80ஐத் தொடும், அப்போ பின்சுவர் முன்னாடி தள்ளிக்கிட்டு வரும். படுத்திருக்கும்போது அளவெடுத்துக் கச்சிதமா இழுத்துத் தைச்சா, எழுந்து நின்ன நிமிஷத்துல அதே மெஷ் இறுக்கமாயிடும். அதனால ஃபிட்டிங்னா கச்சிதம்னு எடுத்துக்கிட்டா அங்கயே தப்பு ஆரம்பிக்குது.

என்ன ஆபரேஷன்

முன்பக்கம் ஏற்கனவே தழும்பு, நரம்பு எங்க ஒட்டியிருக்குன்னு தெரியாது, அதனால பின்பக்கமா, அதாவது வயித்துச் சுவரோட பின்புறத்துல இருந்து, போறதுதான் சரி, ஹெர்னியாசர்ஜ்ங்கிற சர்வதேச சர்ஜன்கள் குழுவோட 2018 வழிகாட்டியும் முன்பக்க ரிப்பேர் தோத்தா பின்பக்கம் போங்கன்னுதான் சொல்லுது. லேப்ராஸ்கோப்பில டி.ஏ.பி.பி, நாங்க பேச்சுல டாப்னு சொல்றது, வயித்துக்குள்ள போய் பெரிட்டோனியத்தை (வயித்தோட உள்சவ்வு) திறந்து அதுக்குப் பின்னாடி மெஷ் வைக்குறது, அதைத் தேர்ந்தெடுத்தோம். வயித்துக்குள்ள போகாம சவ்வுக்கு வெளியவே பண்ற டி.இ.பி. பண்ணியிருக்கலாமேன்னு கேக்கலாம், பண்ணியிருக்கலாம்தான், ஆனா வயித்துக்குள்ள இருந்து பார்த்தா இடது பக்கமும் ஒரு பார்வை பார்த்துடலாம், ரெக்கரன்ஸ்ல (திரும்பி வந்த ஹெர்னியாவுல) பெரிட்டோனியம் கிழிஞ்சாலும் கவலை இல்ல. சிகரெட்டை நிறுத்த வச்சு, இருமலுக்கு மருந்து குடுத்து, கொஞ்ச நாள் தள்ளித்தான் தேதி குடுத்தோம். மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி யூரின் போயிட்டு வரச் சொன்னோம், மீடியல், அதாவது உள்பக்க ரெக்கரன்ஸ்ல ப்ளாடர் சாக்கோட (ஹெர்னியா பையோட) ஒட்டி இழுபட்டு வரலாம்ங்கிற பயம் எப்பவும் உண்டு.

உள்ள போனதும் இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் எபிகாஸ்ட்ரிக் ரத்தக்குழாய்க்கு உள்பக்கமா, கூப்பர் லிகமென்ட்டுக்கு (ப்யூபிக் எலும்போட மேல்விளிம்புல ஒட்டியிருக்குற கெட்டியான நார்) மேல ரெண்டரை செமீ ஓட்டை, யூரோப்பியன் ஹெர்னியா சொசைட்டி வகைப்படி எம்2 (மீடியல், நடுத்தர அளவு), ரெக்கரன்ட். கொழுப்பை உருவி எடுத்ததும் ஓட்டையோட மேல்விளிம்புல பழைய மெஷ் ஓரம் தெரிஞ்சுது, உள்பக்க முனை சுருண்டு கயிறு மாதிரி கட்டியா ஆயிருக்கு, க்ராஸ்பரால (பிடிக்குற கருவியால) தட்டினா கடகடன்னு கெட்டியா இருக்கு. ட்யூபர்க்கிளுக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவுல இருக்குற வெறும் இடம்தான் ஹெர்னியா. வேற எங்கயும் மெஷ் அசையல, வெளிப்பக்கம் நல்லா ஒட்டிப்போய் இருக்கு, அதை நாங்க தொடவே இல்ல. பழைய மெஷை முழுசா எடுக்கணும்னு சிலர் ஆரம்பிப்பாங்க, வலியோ இன்ஃபெக்ஷனோ இல்லாத மெஷை எடுக்கப் போய் நரம்பையும் ரத்தக்குழாயையும் காயப்படுத்துறதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

அடுத்தது மெஷ் உட்காரப் போற இடத்தை உரிச்சு எடுக்குறது. இதைத்தான் நான் இந்த கேஸ்ல விரிவா எழுதணும்னு நினைச்சேன்.

லேப்ராஸ்கோப்பில மெஷ் சரியா உட்காரலைன்னா உடனே கத்திரிக்கோல் எடுத்து மெஷ் மூலையை வெட்டுறதை நிறைய பார்த்திருக்கேன், கீழ் ஓரம் மடியுதா, ஒரு வெட்டு, வெளிப்பக்கம் முட்டுதா, இன்னொரு வெட்டு. பார்க்க அழகா படுத்துடும். ஆனா மெஷ் மடியுறதுக்குக் காரணம் மெஷ் பெருசா இருக்குறது இல்ல, நாம உரிச்ச இடம் சின்னதா இருக்குறது. ஆளோட அனட்டாமிக்கு மெஷை ஃபிட் பண்றதுன்னா எலும்பு எங்க, தசை எங்க, ஓட்டை எங்கன்னு பார்த்து அளவு போடுறது, நம்ம சோம்பேறித்தனத்தோட எல்லைக்கு மெஷை வெட்டிக்கிறது அது இல்ல. ஃப்ரெஞ்சு சர்ஜன் ஃப்ரூஷோ 1956ல சொன்ன மையோபெக்டினியல் ஆரிஃபிஸ், அதாவது டைரக்ட் (சுவர் வழியா நேரா வர்றது), இன்டைரக்ட் (டீப் ரிங் வழியா வர்றது), ஃபீமரல்னு மூணு ஹெர்னியாவும் வர்ற அந்த ஒரே பலவீனமான ஜன்னல், அது முழுசையும் திறந்து பார்த்தாதான் எவ்ளோ மெஷ் வேணும்னே தெரியும்.

அதனால உள்பக்கம் ரெட்ஸியஸ் இடத்துல (ப்யூபிக் எலும்புக்கும் ப்ளாடருக்கும் நடுவுல இருக்குற இடம்) நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் கொஞ்சம் வரைக்கும் போனோம், ப்ளாடரைக் கீழ தள்ளி கூப்பர் லிகமென்ட்டுக்குக் கீழ 2 செமீக்குக் குறையாம இடம் எடுத்தோம். கூப்பர் மேல குறுக்க ஓடுற கொரோனா மார்ட்டிஸ்ங்கிற ரத்தக்குழாய் இவருக்கு நல்லா தடிமனா, கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருந்துச்சு, அதைப் பார்த்து வச்சுக்கிட்டது பின்னாடி டாக் (மெஷை நிறுத்துற சின்ன ஆணி) போடும்போது உதவிச்சு. ஃபீமரல் ரிங்ல இருந்து சின்ன கொழுப்பு ஒண்ணை வெளிய எடுத்தோம், ஹெர்னியான்னு சொல்ல முடியாது. டீப் ரிங்குக்குள்ள கார்டை (விந்துக்கொடியை) ஒட்டி ஒரு லிப்போமா, அதாவது கொழுப்புக்கட்டி, அதை விட்டுட்டு வந்தா ஆபரேஷனுக்கு அப்புறம் ஆள் புடைப்பு இன்னும் இருக்கேன்னு வந்து நிப்பார், அதையும் இழுத்து எடுத்தாச்சு. அப்புறம் பெரிட்டோனியத்தை கார்ட்ல இருந்தும் விந்துக்குழாய்ல இருந்தும் உரிச்சு, இடுப்புக்குள்ள பின்னாடி இருக்குற சோவாஸ் தசையோட நடு வரைக்கும் பின்னாடி தள்ளினோம். இது பொறுமையா பண்ணவேண்டிய வேலை, விந்துக்குழாய்க்கும் விந்தகத்துக்குப் போற கொனாடல் ரத்தக்குழாய்க்கும் நடுவுல முக்கோணத்துக்கு அடியில பெரிய இலியாக் குழாய் ஓடுது, வெளிப்பக்கம் நரம்பெல்லாம் அந்த மெல்லிசான கொழுப்புக்கு அடியில படுத்திருக்கு, அந்தக் கொழுப்பைச் சுரண்டக்கூடாது. பெரிட்டோனியத்தைப் பிடிச்சு இழுத்தா கார்ட் கூடவே அசையக்கூடாது, அசையுதுன்னா இன்னும் உரிக்க வேண்டியது பாக்கி.

அளவு

லேப்ராஸ்கோப்பிக்காக வயித்துக்குள்ள விட்ட காஸோட அழுத்தத்தை 12 mmHgல இருந்து 8க்கு இறக்கிட்டுத்தான் அளந்தோம். முழுக் காத்துல சுவர் உப்பி இருக்கும்போது எல்லாமே பெருசா, விரிஞ்சு தெரியும். ஸ்டெரைல் ஸ்கேல் ஒண்ணைக் குறுக்க வெட்டி போர்ட் (கருவி நுழைக்குற குழாய்) வழியா விட்டோம், அது இல்லைன்னா அளந்து வெட்டின தையல் நூல் போதும். நடுக்கோட்டுல இருந்து டீப் ரிங் உள்விளிம்பு 9 செமீ, டீப் ரிங் அகலம் 2, அதுக்கு வெளிய 5, நடுக்கோட்டைத் தாண்டி உள்பக்கம் 1.5. கூட்டினா 17.5. உயரத்துல ஓட்டையோட மேல்விளிம்புல இருந்து கூப்பர் 5, மேல 4, கீழ 2, ஆக 11, அதுக்கு மேல கொஞ்சம் தளர்வுக்கு.

லேப்ராஸ்கோப்பிக்கு எல்லாரும் சொல்ற அளவு 10க்கு 15. அது குறைஞ்சபட்சம், எல்லாருக்கும் பொது அளவு இல்ல, ஆனா நடைமுறையில ஆள் யாரா இருந்தாலும் அந்த பாக்கெட்தான் டேபிளுக்கு வருது. இவருக்கு அதை வச்சிருந்தா ரெண்டரை செமீ எங்கயாவது கடன் வாங்கியிருக்கணும், அந்தக் கடனை மெஷ் எப்பவும் உள்பக்க ஓரத்துலதான் வாங்கும், ஏன்னா விரிக்கும்போது வெளிப்பக்கம்தான் சுலபமா படியும், கை அந்தப் பக்கமே இழுக்கும். மறுபடி அதே ட்யூபர்க்கிள், மறுபடி அதே ஓட்டை.

அதனால பெரிய ஷீட்ல இருந்து 12.5க்கு 17.5 வெட்டினோம். மீடியம் எடை, பெரிய துளை உள்ள பாலிப்ரொப்பிலீன். ரொம்ப லைட் மெஷ் வேண்டாம்னு முடிவு பண்ணினதுக்குக் காரணம் மீடியல் ஓட்டை, அங்க மெல்லிசான மெஷ் நாளாக ஓட்டைக்குள்ளயே தொப்பை மாதிரி தள்ளிக்கிட்டு நிக்கும், ஸ்கேன்ல பார்த்தா மெஷ் இடத்துலதான் இருக்கும், ஆனா ஆளுக்குப் புடைப்பு இருக்கும். உள்பக்கம் முழு உயரம் விட்டோம், வெளிப்பக்கம் 11 போதும். கீழ் உள்மூலையை எலும்போட வளைவுக்கு வட்டமா வெட்டினோம், கூர்மையான மூலை ப்ளாடர் பக்கம் மடியும். மேல்விளிம்போட நடுவுல மார்க்கர்ல ஒரு கோடு, உள்பக்கத்துக்கு ஒரு புள்ளி, சுருட்டி 10 மிமீ போர்ட் வழியா போட்டப்புறம் எது எந்தப் பக்கம்னு தேடவேண்டியதில்ல. வலது இடதுன்னு தனித்தனியா வளைச்சே வர்ற அனட்டாமிக்கல் மெஷ் இருக்கு, நல்ல பொருள்தான், வேலையும் சீக்கிரம் முடியும், ஆனா அதோட வளைவும் ஒரு சராசரி ஆளோடது, பெரிய சைஸ் கையில இருந்தா நானும் வச்சிருப்பேன்.

கார்டுக்காக மெஷ்ல வெட்டு போடல. ஓப்பன்ல அது இல்லாம முடியாது, அங்க வால் ரெண்டையும், மேல மூணுல ரெண்டு பங்கு, கீழ ஒரு பங்குன்னு பிரிச்சு, கார்டைச் சுத்தி ஒண்ணு மேல ஒண்ணு போட்டு லிகமென்ட்ல தைக்கணும், இறுக்கினா விந்தகம் வீங்கும், தளர்த்தினா அந்த வழியாவே ஹெர்னியா வரும். பின்பக்கத்துல கார்ட் மெஷுக்குக் கீழ அப்படியே படுத்துக்கும், வெட்டு போட்டா வேணும்னே ஒரு ஓட்டை திறந்து வச்ச மாதிரி.

வச்சது

முதல்ல ஓட்டையில தொங்கிக்கிட்டிருந்த ட்ரான்ஸ்வெர்சாலிஸ் ஃபேஷியாவை (வயித்துச் சுவரோட மெல்லிசான உள்படலம்) உள்ள இழுத்து கூப்பர்ல ஒரு டாக், அந்த வெத்திடத்தை அப்படியே விட்டா நீர் கட்டும். மெஷ் விரிச்சதும் உள்பக்கம், மேல்பக்கம் ரெண்டும் சரி, ஆனா கீழ் வெளிமூலை சோவாஸ் மேல படுக்காம நிமிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. வெட்டல. மெஷை ஓரமா ஒதுக்கிட்டு பெரிட்டோனியத்தை இன்னும் ரெண்டு செமீ பின்னாடி உரிச்சோம், திரும்ப விரிச்சா தானா படுத்துடுச்சு. அந்த மூலை நிமிர்ந்தபடியே பெரிட்டோனியத்தை மூடியிருந்தா, மூடுற மடிப்பே மெஷைக் கீழ இருந்து தூக்கியிருக்கும், குடலோட கனமும் சேர்ந்து அடியில புகுந்துடும், லேப்ராஸ்கோப்பி ரெக்கரன்ஸ்ல பாதிக் கதை இந்தக் கீழ் ஓரம்தான்.

டாக் மெஷுக்கு மூணே மூணு, கூப்பர்ல ரெண்டு, அந்தத் தடிச்ச குழாயைத் தள்ளி, ரெக்டஸ் தசையில மேல ஒண்ணு. வழிகாட்டிப்படி எம்3க்குத்தான் (பெரிய மீடியல் ஓட்டைக்குத்தான்) பிடிப்பு போடணும், இது எம்2தான், ஆனா ஒருதடவை இதே இடத்துல தோத்த ஆள்ங்கிறதால போட்டோம். வெளிப்பக்கம் இலியோப்யூபிக் ட்ராக்ட்டுக்குக் (இங்குவைனல் லிகமென்ட்டுக்குப் பின்னாடி ஓடுற நார்ப்பட்டை) கீழ எதுவுமே போடல, அங்க தொடைக்குப் போற நரம்பு இருக்கு, ஒரு டாக் தப்பா போனா ஹெர்னியா போயிடும், வலி தங்கிடும். அந்த டாக் மூணும் மெஷைத் தாங்குறதுக்கு இல்ல, முதல் சில வாரம் நகராம இருக்குறதுக்கு. அளவு சின்னதா இருந்து, அதை டாக் போட்டுச் சரிக்கட்டலாம்னு நினைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. அழுத்தத்தை இன்னும் இறக்கி, மெஷ் ஓரத்தைப் பார்த்துக்கிட்டே பெரிட்டோனியத்தைத் தொடர் தையல்ல மூடினோம்.

சின்ன உடம்புக்காரங்களுக்கு இதோட மறுபக்கம் உண்டு. இடுப்பு குறுகலான ஒருத்தருக்கு, முக்கியமா சின்ன உருவப் பெண்களுக்கு, 10க்கு 15 மெஷே இடுப்பெலும்பு முனையில போய் முட்டும். அவங்களுக்கு முழுசா உரிச்சு முடிச்சப்புறம் வெளிப்பக்கம் ஒண்ணு ரெண்டு செமீ குறைக்குறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. உள்பக்கமும் கீழ்ப்பக்கமும் குறைக்க மாட்டேன், பெண்களுக்கு ஃபீமரல் ஹெர்னியா அதிகம், கீழ் ஓரத்துல விட்டுக்குடுத்தா அங்கதான் வரும்.

சிடி எடுத்து ஆளுக்கு ஆள் மெஷ் டிசைன் பண்றது, 3டி பிரின்ட் பண்றதுன்னு ஆராய்ச்சி நடக்குது. எலும்பு அளவுக்கு அது நிச்சயம் உதவும், இவரோட 17.5ஐ முன்னாடியே சொல்லியிருக்கும். ஆனா சிடி எடுக்குறதும் படுக்க வச்சுதான், பெரிட்டோனியம் எவ்ளோ உரியும், லிப்போமா எங்க ஒளிஞ்சிருக்கு, தழும்பு எங்க இழுக்குது, இதெல்லாம் உள்ள போனாதான் தெரியுது. இப்போதைக்கு ஒரு டேப்பும் ஒரு ஸ்கேலும் போதும்னுதான் நினைக்கிறேன், அதையே யாரும் எடுக்கறதில்லங்கிறதுதான் பிரச்சனை.

அப்புறம்

மறுநாள் வீட்டுக்குப் போயிட்டார். ரெண்டாவது வாரம் அதே இடத்துல உருண்டையா ஒரு வீக்கம், "திரும்ப வந்துடுச்சு டாக்டர்"னு பதறிப்போய் வந்தார், படுத்தா உள்ள போகல, இருமினா இடிக்கல, சீரோமா, அதாவது வெறும் நீர் கட்டினது. ஊசி போட்டு உறிஞ்சலாமேன்னு கேட்டார், உறிஞ்சினா கிருமியை உள்ள விடுற வேலை, விட்டுடுங்க தானா வத்தும்னு சொல்லி அனுப்பினோம், ரெண்டு மாசத்துக்குள்ள வத்திடுச்சு. கையை உயர்த்தி உடம்பை நீட்டினா உள்ள எதோ பிடிக்குற மாதிரி இருக்குன்னு கொஞ்ச நாள் சொன்னார், மூணாவது மாசத்துக்கு மேல அதுவும் இல்ல. ஒரு வருஷம் கழிச்சு நிக்க வச்சு இரும வச்சுப் பார்த்தப்போ புடைப்பு இல்ல, பழைய வேலைக்கே போறார். ஒரு வருஷம் போதாதுதான், முதல் மெஷும் மூணு வருஷம் தாங்குச்சே.

இந்தப் பெரிய மெஷுக்கு ஒரு விலை இருக்கு, அதை அவர்கிட்ட ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லியாச்சு. ரெட்ஸியஸ் இடத்துல நடுக்கோட்டைத் தாண்டி மெஷ் போயிருக்கு, நாளைக்கு ப்ராஸ்டேட்டுக்கு ஆபரேஷன் பண்ண வேண்டி வந்தா அந்த இடம் முழுக்க ஒட்டிப்போய் இருக்கும், யூராலஜி டாக்டருக்கு வேலை கஷ்டமாகும். இந்த வயசு ஆண்கள்கிட்ட ப்ராஸ்டேட் பத்திக் கேட்டுட்டுதான் மெஷை உள்ள வைக்கணும், இவருக்கும் முன்னாடியே பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தோம், சரியா இருந்துச்சு. டிஸ்சார்ஜ் சம்மரில மெஷ் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாம, வெட்டின அளவு 12.5க்கு 17.5, நடுக்கோட்டைத் தாண்டி இடது பக்கம் 1.5 செமீ, கூப்பருக்குக் கீழ 2 செமீ, டாக் எத்தனை, எங்கெங்கன்னு ஒரு சின்னப் படத்தோட எழுதிக் குடுத்திருக்கோம். பழைய ஃபைல் மாதிரியே இதையும் பத்திரமா வச்சிருங்க, ப்ராஸ்டேட்டுக்கு எங்க போனாலும் முதல்ல இந்தப் பேப்பரைக் காட்டுங்கன்னு சொல்லியிருக்கேன்.